திருடனும் சிக்கினான், துப்பாக்கியும் சிக்கியது. சொந்தக்காரர் கைக்கு வருவது எப்போது?

மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்பில் காலை 8 மணிக்கு நின்று பார்த்தால் தெரியும். எஸ்டேட்டுக்குப் போகும் கூட்டத்தின் நடுவே காக்கி உடுப்பும் பாலிஷ் போட்ட பூட்சுமாக ஒன்றிரண்டு பேர் நிற்பார்கள். தலைமுடி ஒட்ட வெட்டியிருக்கும். முதுகு வளையாது. முன்னாள் ராணுவக்காரர்கள்.

பேங்க் வாசலிலும் நகைக்கடை வாசலிலும் இரட்டைக்குழல் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது இவர்கள்தான்.

இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்கும் முதல் கேள்வியே, "சொந்தத் துப்பாக்கி, லைசென்ஸ் இருக்கா?" என்பதுதான். இருந்தால் சம்பளம் கூடுதல். இல்லாவிட்டால் கையில் லத்தி, சம்பளமும் அதற்கேற்றபடி. துப்பாக்கிதான் இவர்களுக்குச் சோறு போடுகிறது.

அந்தத் துப்பாக்கியே திருட்டுப் போனால்?

திருட்டுப் போவது பாதிக் கதைதான். திருடன் பிடிபட்டு, துப்பாக்கியும் கிடைத்த பிறகுதான் மீதிக் கதை தொடங்குகிறது.

மேஜை மேல் பரப்பிய துப்பாக்கி

ஒரு காவலாளியை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். ஆள் கற்பனைதான். ஆனால் அவர் வழியில் குறுக்கே வரும் சட்டங்கள் எதுவும் கற்பனை அல்ல.

மகள் வீட்டு விசேஷத்துக்குக் குடும்பத்தோடு போகிறார். திரும்பி வந்தால் கதவு நெம்பப்பட்டிருக்கிறது. பீரோவில் இருந்த நகையோடு 12 போர் துப்பாக்கியும் தோட்டாக்களும் போய்விட்டன. அலறிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். எப்.ஐ.ஆர். பதிவாகிறது.

மூன்று வாரத்தில் வாகன சோதனையில் இரண்டு ஆசாமிகள் சிக்குகிறார்கள். போலீசாரின் "கவனிப்பில்" உண்மையைக் கக்குகிறார்கள். முட்புதரில் சாக்குப்பையில் சுற்றி வைத்திருந்த துப்பாக்கியை எடுத்துக் கொடுக்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. மேஜை மேல் நகை, செல்போன், நடுவே நம்மாள் துப்பாக்கி.

அக்கம்பக்கத்தார் கை கொடுக்கிறார்கள். "மாமா, துப்பாக்கி கிடைச்சிடுச்சாமே! நாளைக்கே டூட்டிக்குப் போகலாம்."

நாளைக்கு அல்ல. அடுத்த மாதமும் நிச்சயமில்லை.

ஏனென்றால் மேஜை மேல் இருக்கும் அந்தப் பொருள் இப்போது அவருடைய துப்பாக்கி மட்டும் அல்ல, வழக்குச் சொத்து. மகஜர் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, சீல் வைத்து, படிவம் 95-ல் ஏற்றி கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டிய பொருள். அதைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் இன்ஸ்பெக்டருக்குக் கிடையாது. அம்பத்தூர் கோர்ட்டில் மாஜிஸ்திரேட்டு உத்தரவு போட்டால்தான் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2024 பாராளுமன்றத் தேர்தல் வந்தபோது இதே மாதிரி லைசென்ஸ்தாரர்கள் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். ரசீது வாங்கினார்கள். தேர்தல் முடிந்தது, ரசீதைக் காட்டித் திருப்பி வாங்கி வந்தார்கள். அதே ஸ்டேஷன், அதே ரைட்டர், அதே துப்பாக்கி. தானாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் ரசீது போதும். திருடன் கொண்டுபோனால் வக்கீல் வேண்டும்!

மோட்டார் சைக்கிளுக்கு ஒரு நியாயம்

திருட்டுப்போன மோட்டார் சைக்கிளை மீட்டவர்களுக்கு இந்த வழி ஓரளவு தெரியும். ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி மனு போட்டால், ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். கேட்கும்போது கொண்டுவர வேண்டும், விற்கக்கூடாது என்று நிபந்தனை போடுவார்கள். அவ்வளவுதான்.

இந்த வழி தானாக வந்துவிடவில்லை. குஜராத்தில் சூரத் நகரில் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் நடந்த கூத்துதான் காரணம். ஸ்டேஷனில் வைத்திருந்த வழக்குச் சொத்துக்களைப் போலீஸ்காரர்களே மாற்றி வைத்தார்கள், பணத்தைக் கையாடினார்கள், கேட்பாரின்றி ஏலம் விட்டார்கள் என்று வழக்கு. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கு என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். 2002 அக்டோபர் 1-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அதில் கண்டிப்பாகச் சொன்னது. வழக்குச் சொத்தை 15 நாள், மிஞ்சினால் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் போட்டு வைக்கக்கூடாது. போட்டோ எடு, பட்டியல் எழுது, பத்திரம் வாங்கு, உரியவரிடம் கொடு.

அதற்கும் முன்னால் 1977-லேயே இன்னொரு தீர்ப்பு உண்டு. பழைய மைசூர் மாநிலத்தில் ஒரு பெண்ணின் நகை திருட்டுப் போனது. போலீசார் மீட்டார்கள். மீட்ட நகை ஸ்டேஷனிலேயே மாயமாகிவிட்டது! பொருள் இல்லாவிட்டால் மதிப்பை அரசாங்கம் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

வெகுதூரம் போக வேண்டாம். 2022 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் நகைக்கடன் பேங்க்கில் 31 கிலோவுக்கு மேல் தங்கம் கொள்ளை போனது. சில நாளில் மீட்டார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதில் ஒரு பகுதி அச்சிறுபாக்கம் இன்ஸ்பெக்டர் ஒருவர் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டது. மீட்கப்பட்ட பொருள் எங்கே, யார் பொறுப்பில் இருக்கிறது என்று சொந்தக்காரர் பதறுவதில் தப்பே இல்லை.

புதுச் சட்டம் போட்ட கெடு

2024 ஜூலை 1-ந்தேதி முதல் பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டம் போய், பி.என்.எஸ்.எஸ். என்ற புதுச் சட்டம் வந்திருக்கிறது. அதன் 497-வது பிரிவு, சொத்து கோர்ட்டில் ஆஜரானதிலிருந்து 14 நாளுக்குள் அதன் விவரப்பட்டியல் தயாராக வேண்டும் என்கிறது. போட்டோ எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் வீடியோவும் எடுக்க வேண்டும். அதிலிருந்து 30 நாளுக்குள் அந்தப் பொருளை என்ன செய்வது என்று உத்தரவு போட வேண்டும். பின்னால் வழக்கு நடக்கும்போது அந்தப் பட்டியலும் படமுமே சாட்சியமாக நிற்கும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. 14-ம் 30-ம் 44. ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும் போலத் தோன்றும்.

நகைக்கும் வண்டிக்கும் இது சரி. வண்டியின் படம் வண்டிக்குப் பதிலாக நிற்கும். துப்பாக்கியின் படம் துப்பாக்கிக்குப் பதிலாக நிற்காது. படத்தைச் சுட்டுப் பார்க்க முடியுமா?

இங்கேதான் முடிச்சு விழுகிறது. கெடு கோர்ட்டுக்குத்தான். துப்பாக்கியைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்துக்கு அந்தப் பிரிவில் எந்தக் கெடுவும் இல்லை. பொருள் மயிலாப்பூரில் இருக்கும்போது, கொடு என்று அம்பத்தூரில் உத்தரவு வாங்கி என்ன பிரயோஜனம்?

கடற்கரையில் ஒரு சோதனை

காமராஜர் சாலையில் இருக்கும் தடய அறிவியல் துறைதான் அந்த இடம். 1849-ல் மதறாசில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய பழைய வம்சம். துப்பாக்கிகளுக்கென்று அங்கே தனிப் பிரிவு உண்டு.

அங்கே என்ன செய்கிறார்கள்? முதலில், இது சுடக்கூடிய துப்பாக்கிதானா என்று பார்க்கிறார்கள். பிறகு சோதனைத் தோட்டா போட்டுச் சுடுகிறார்கள். குண்டு சேதமில்லாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளோ பஞ்சுப் பெட்டிக்குள்ளோ சுடுவது வழக்கம். அந்தக் குண்டையும், குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த குண்டையும் இரட்டை மைக்ராஸ்கோப்பின் கீழ் பக்கத்தில் பக்கமாக வைத்துக் கோடுகளை ஒப்பிடுகிறார்கள். பிஸ்டல், ரிவால்வர், ரைபிள் ஆகியவற்றின் குழலுக்குள் மரை இருக்கும். அது குண்டின் மேல் கீறலை விடும். நம் காவலாளியின் இரட்டைக்குழலில் மரை கிடையாது, உள்ளே வழுவழு என்று இருக்கும். அதனால் ரவையை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் தோட்டாவின் அடியில் ஊசி அடித்த குழி இருக்கிறதே, அது காட்டிக்கொடுத்துவிடும்.

திருடன் கெட்டிக்காரனாக இருந்தால் நம்பரை அரம் போட்டு ராவி இருப்பான். ராவினாலும் தப்ப முடியாது. நம்பரை அச்சடித்தபோது அடியில் உள்ள இரும்பும் அழுந்தியிருக்கும். மேலே பாலிஷ் போட்டு அமில மருந்தைத் தடவினால், மறைந்த எண்கள் பேய் மாதிரி மெல்ல எழுந்து வரும். துப்பாக்கி இன்னாருடையது என்று நிரூபிக்க இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஆக, சோதனை சொந்தக்காரருக்கும் நல்லதுதான்.

சோதனை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்க முடியாத உதாரணம் ஒன்று இருக்கிறது. 2017 நவம்பரில் கொளத்தூரில் ஒரு நகைக்கடை மேல்தளத்தில் ஓட்டை போட்டுக் கொள்ளை அடித்தார்கள். கொள்ளையரைத் தேடி ராஜஸ்தான் போனது தனிப்படை. டிசம்பர் 13-ந்தேதி பாலி மாவட்டத்தில் மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் குண்டு பாய்ந்து பலியானார். கொள்ளையர்தான் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார்கள் என்று முதலில் செய்தி பரவியது. பிறகு ராஜஸ்தான் போலீசார் நடத்திய விசாரணையில், கூடப் போன இன்ஸ்பெக்டர் ஒருவரின் துப்பாக்கியிலிருந்து வெளிப்பட்ட குண்டு என்று தெரியவந்தது. கண்ணால் பார்த்தவர்கள் சொன்னது ஒன்று, குண்டு சொன்னது வேறு.

அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டால் 1967 ஜனவரி 12-ந்தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்ட வழக்கைச் சொல்வார்கள். எந்தக் குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்பதைத்தானே அன்றைக்கு ஊரே பேசியது.

எனவே சோதனை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. எத்தனை நாளில் முடியும் என்பதுதான் கேள்வி. புதுச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும். மாநிலங்கள் ஐந்து ஆண்டுக்குள் இதை அமலுக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டுக்குள் புகுந்து திருடுவதற்கே ஏழு ஆண்டு வரை தண்டனை இருக்கிறது. அப்படியானால் பீரோ உடைப்புக்கெல்லாம் நிபுணர் வர வேண்டும்! வேலை மலையாகக் குவியும். கொலைக் கேஸ் துப்பாக்கி மேலே போகும், முட்புதரில் கிடைத்த காவலாளி துப்பாக்கி அடியில் போகும். அதிகாரிகளைக் குறை சொல்லி என்ன செய்ய?

கமிஷனர் ஆபீசில் ஒரு கட்டு

ஆய்வறிக்கை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததாகத் திருடன் மேல் 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படியும் வழக்கு வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சம் 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு ஜெயில். ஆனால் அந்த வழக்கு நடக்க மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். கமிஷனர் உள்ள ஊரில் அந்த அதிகாரம் கமிஷனருக்கு. 2022 ஜனவரி 1 முதல் மண்ணூர்பேட்டை வட்டாரத்துக்கு ஆவடி போலீஸ் கமிஷனர். அந்தக் கட்டும் ஆய்வறிக்கையோடு சேர்ந்துதான் நகரும்.

நம் காவலாளிக்கு அதே கமிஷனர் ஆபீசில் இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. லைசென்ஸ்!

கோர்ட்டு துப்பாக்கியைக் கொடுப்பதென்றால், வாங்குகிறவர் கையில் உயிருள்ள லைசென்ஸ் இருக்க வேண்டும். காலாவதியான லைசென்ஸ்காரரிடம் கொடுத்தால் கோர்ட்டே சட்டத்தை மீறியதாகிவிடும். லைசென்ஸ் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. புதுப்பிக்கப் போனால், "ஆயுதத்தைக் கொண்டுவந்து காட்டுங்க" என்பார்கள். ஆயுதமோ சீல் வைத்து மயிலாப்பூரில் இருக்கிறது. துப்பாக்கி வந்தால்தான் லைசென்ஸ், லைசென்ஸ் இருந்தால்தான் துப்பாக்கி. கோழி முந்தியா முட்டை முந்தியா கதை!

இது போதாதென்று, துப்பாக்கியைப் பத்திரமாக வைத்திருந்தீரா என்ற கேள்வியும் வரும். லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் அதை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ சட்டத்தில் இடம் உண்டு. பீரோவில் பூட்டி வைத்தது போதுமா, தோட்டாவையும் அதே தட்டில் வைத்தது சரியா என்று கேட்டால் பாவம், அவர் என்ன சொல்வார்? வீட்டில் களவு போனது அவர் தப்பா?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பறிகொடுத்த அன்றே கொடுத்த புகார்தான் இவருக்குக் கவசம். அந்த மூன்று வாரத்தில் திருடன் அந்தத் துப்பாக்கியால் எங்காவது சுட்டிருந்தால், போலீஸ் ஜீப் முதலில் வந்து நிற்பது லைசென்ஸ்தாரர் வீட்டு வாசலில்தான். அப்போது எப்.ஐ.ஆர். தேதிதான் அவருக்காகப் பேசும். அவமானம், வேலை போய்விடும் என்று இரண்டு நாள் மூடி மறைத்தால் தொலைந்தார்.

வாய் திறக்காவிட்டால் பறிமுதல்

பலருக்கும் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. ஆயுதச் சட்டப்படி ஒருவனுக்குத் தண்டனை கொடுக்கும்போது, அந்த ஆயுதத்தை அரசுக்குப் பறிமுதல் செய்யவும் கோர்ட்டுக்கு 32-வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. திருடனுக்குத் தண்டனை, துப்பாக்கி அரசாங்கத்துக்கு! சொந்தக்காரர் "ஐயா, அது என்னுடையது" என்று முன்கூட்டியே மனு போட்டு நிற்காவிட்டால் இப்படியும் நடக்க இடம் உண்டு. "தீர்ப்பு வரட்டும், தானா கொடுப்பாங்க" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கலாகாது.

தீர்ப்பு வந்து, சொந்தக்காரருக்கே கொடு என்று எழுதினாலும், பத்திரம் எழுதிக் கொடுக்காதவரை இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். அப்பீல் போட்டுவிட்டால் அது முடியும்வரை பொறுக்க வேண்டும். அதற்குள் காவலாளிக்கு வயது ஏறிவிடும். வேறு ஆள் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவான்.

துப்பாக்கியின் கதி? சுட்ட குழலைத் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் மருந்துக் கரி இரும்பைத் தின்னும். சோதனைக்குச் சுட்டபின் சீல் வைத்து மூடிய துப்பாக்கிக்கு யார் எண்ணெய் போடுவது? நம்ம ஊர்க் காற்றிலோ உப்பு. மழைக்காலத்தில் சில ரிக்கார்டு ரூம்களுக்குள் தண்ணீர் வருவதையும் ஊர் பார்த்திருக்கிறது. ராணுவத்தில் தினம் துப்பாக்கியைத் துடைத்துப் பழகிய கை அவருடையது. திரும்பி வரும்போது குழலை மடக்கிக் கண்ணை வைத்துப் பார்த்தால் வயிறு எரியும்.

மணிப்பூரில் நடப்பதைப் பார்த்தால் இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். 2023 மே மாதம் கலவரம் தொடங்கியபின் அங்கே போலீஸ் ஆயுதக் கிடங்குகளிலிருந்தே ஆயிரக்கணக்கில் துப்பாக்கிகள் சூறை போயின. 2025 பிப்ரவரியில் கவர்னர் அஜய் குமார் பல்லா கெடு வைத்துக் கேட்ட பிறகு நூற்றுக்கணக்கில் திரும்பி வந்தன. அங்கே பறிகொடுத்தது அரசாங்கம், வேறு துப்பாக்கி வாங்கிக்கொள்ளும். மண்ணூர்பேட்டைக்காரர் எதை வைத்து வாங்குவார்?

என்னதான் செய்வது?

கோர்ட்டு நடமாட்டம் தெரிந்த குமாஸ்தாக்கள் சொல்லும் வழி லேசானதுதான். துப்பாக்கி கிடைத்த செய்தி வந்ததுமே, ஆய்வறிக்கைக்குக் காத்திராமல், 497, 503 பிரிவுகளின் கீழ் சொத்தைத் திருப்பிக் கேட்டு மனு போட்டுவிட வேண்டும். பழைய சட்டத்தில் இவை 451, 457. மனு கட்டில் இருந்தால்தான் மாஜிஸ்திரேட்டு, "ஏன் இன்னும் ரிப்போர்ட் வரலை?" என்று கேட்க முடியும். மனு இல்லாத துப்பாக்கியைப் பற்றிக் கேட்க ஆள் ஏது?

லைசென்ஸ் முடியும் தேதி வருவதற்கு முன்பே புதுப்பிக்க மனு போட வேண்டும். ஆயுதம் கோர்ட்டுப் பொறுப்பில் இருக்கிறது என்பதற்கு எப்.ஐ.ஆர். நகலையும், மகஜர் நகலையும், மனு நம்பரையும் இணைக்க வேண்டும். களவு போன தகவலை ஸ்டேஷனுக்குச் சொன்னது போதாது, லைசென்ஸ் கொடுத்த ஆபீசுக்கும் எழுதி, ஒப்புகை முத்திரை வாங்கி வைக்க வேண்டும். வாங்கிய ரசீது, துப்பாக்கி நம்பர், லைசென்சில் உள்ள தனி எண் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வைப்பது நல்லது. பீரோவோடு அதுவும் போய்விட்டால் நிரூபிக்க நாய்பட்ட பாடு.

போலீசாரும் அரசாங்கமும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எங்கேயும் சுடப்படாத, நம்பர் அழியாத, சொந்தக்காரர் யாரென்று சந்தேகமே இல்லாத துப்பாக்கிகளை ஆய்வுக்கூடத்தில் தனி வரிசையாக எடுக்கலாம். சுட்டு, எழுதி, பதினைந்து நாளில் அனுப்பிவிடக்கூடிய வேலைதான் அது. கொலைக் கேஸ் துப்பாக்கியோடு அதையும் ஒரே வரிசையில் நிற்க வைப்பது என்ன கணக்கு?

அதுவரை நம்மாள் வாரம் ஒருமுறை ஸ்டேஷனுக்குப் போய் நிற்க வேண்டியதுதான். "என்ன மிலிட்டரி, ரிப்போர்ட் இன்னும் வரலையே" என்பார் ரைட்டர். "சரிங்கய்யா" என்று சல்யூட் அடித்துவிட்டு, லத்தி டூட்டிக்குப் பஸ் ஏறுவார்.

ஒருநாள் உத்தரவு வந்து துப்பாக்கியை வாங்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. சோதனைக்காகச் சுட்டுத் தீர்த்த தோட்டாக்கள் திரும்பி வராது. எத்தனை குறைகிறது என்பதை ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த முறை தோட்டாக் கணக்குக் கேட்கும்போது அந்தச் சீட்டு வேண்டியிருக்கும்.